நிசப்த அடிகளும் பிஸ்கட் டப்பாவும்

ஊரில் எந்தப் பொருள் முனகினாலும் தூக்கிக்கொண்டு ஓட ஒரே இடம்தான் இருந்தது: நிசப்த அடிகளின் மாடி.

மின்விசிறி கடகடக்கிறதா? செத்துப்போன மாமனார். குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறதா? எப்போதோ தவறிய வாக்கு. மிக்ஸி கத்துகிறதா? மிக்ஸி என்றால் கத்தத்தான் செய்யும். ஆனால் அதைச் சொல்வதற்கு ஓர் அடிகள் எதற்கு? அதற்கும் ஓர் ஆவி கைவசம் இருந்தது. படிக்கட்டு நெடுக வரிசை. ஆளுக்கொரு சாமானைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். நிசப்தம் என்று பேர் வைத்துக்கொண்ட மனிதர் மட்டும் காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை மூடியதில்லை.

அந்த வரிசையில் கிடார்க்காரரும் நின்றார். தோளில் கிடார், கையில் சிவப்பு பிஸ்கட் டப்பா. பகலில் மருந்துக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவர். வார இறுதியில் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவர். டப்பாவுக்குள் பிஸ்கட் இல்லை. காலால் மிதித்தால் கிடாரின் குரலைக் கரகரப்பாக்கும் பெடல் இருந்தது. புத்தகம் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, அவரே பற்றவைத்தது. வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட்டை உள்ளேயும் வெளியேயும் மூன்று கோட் அடித்து அழகும் பார்த்தாயிற்று.

எல்லாம் சரி, போட்டால் 'ர்ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். போன வாரம் மாப்பிள்ளையின் அப்பா மைக்கில் நன்றி சொல்ல, கூடவே ஒரு பெரிய வண்டும் நன்றி சொன்னது.

பதினோரு வருஷமாகச் சேர்ந்து வாசிக்கும் டிரம்ஸ் அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். "தம்பி, ஞாயித்துக்கிழமையும் இந்தச் சத்தம் வந்துச்சுன்னா உன் இடத்துல வேற ஆள் நிப்பான். அப்புறம் அண்ணன் சொல்லலைன்னு வருத்தப்படாதே. அடிகளைப் போய்ப் பாரு, நானும் வர்றேன்."

இவர்களுக்குப் பின்னால் கனமான ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கிடார்க்காரரின் மச்சினி. லிஃப்ட் மெக்கானிக்.

"அத்தான், அந்த டப்பாவை ஒரு பத்து நிமிஷம் என்கிட்ட குடுங்களேன். திறந்து பார்த்துடறேன்."

"உனக்கு லிஃப்ட்தானே தெரியும்?"

"லிஃப்ட்லயும் கரன்ட்தான் ஓடுது. ஆவி ஓடலை."

"மெதுவா பேசு, அவர் காதுல விழப்போகுது."

"அவர் பேசற வேகத்துக்கு, அவர் பேசறதே அவர் காதுல விழாது."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிமென்ட் தரை, மூலையில் கைகழுவும் குழாய், நடுவில் அடிகள். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். ர்ர்ர்ர். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

அடிகள் கண்ணை மூடினார். "ஒரு பாடகன். பாதிப் பாட்டுல உயிர் போயிடுச்சு. மீதியைப் பாட இந்த டப்பாவுல வந்து உட்கார்ந்திருக்கான்."

சொல்லிவிட்டு டப்பாவின் விளிம்பில் ஒரு விரலை வைத்தார். இரைச்சல் கப்பென்று அடங்கியது. விரலை எடுத்தார். ர்ர்ர்ர். வைத்தார். அமைதி. மேடையில் ரப்பர் ஷூவால் மிதித்தே பழகிய கிடார்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. டிரம்ஸ் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வேற யாரும் தொடக் கூடாது. தொட்டா பாடகன் உங்க தொண்டைக்குள்ள இறங்கிடுவான். கிடாரும் டப்பாவும் ரெண்டு மாசம் என் உள்ளறையில மௌனம் காக்கணும்."

"ஞாயித்துக்கிழமை வாசிக்கணும் சாமி. இல்லைன்னா என் இடம் போயிடும்."

"இடம் பெரிசா, தொண்டை பெரிசா?"

கிடார்க்காரர் தோளிலிருந்து கிடாரைக் கழற்றினார். அடிகளின் கை நீண்டது. நடுவில் மச்சினி புகுந்தாள்.

"சாமி, ஒரு சின்னச் சந்தேகம். இப்ப தொட்டீங்களே, அதே மாதிரி செருப்புப் போட்டுக்கிட்டு ஒரு தடவை தொடுங்களேன்."

"செருப்பா? அசுத்தம்."

மிக்ஸியோடு நின்ற அம்மாள் ஆர்வம் தாங்காமல் முன்னால் வந்தார். "அழுக்கே இல்லை சாமி. என் பேத்திக்கு இப்பத்தான் வாங்கினேன். தரையில கால் படாத செருப்பு. போட்டுக்கோங்க, உங்க கால் பட்டா அவளுக்கும் நல்லது."

பக்தியிலிருந்து தப்புவது சாமியார்களுக்கும் கஷ்டம். நூறு கண்கள் பார்க்க, பூப்போட்ட இளஞ்சிவப்பு ரப்பர் செருப்பில் அடிகள் முன்பாதத்தை நுழைத்தார். குதிகால் வெளியே தொங்கியது. அதைத் தரையில் படவிடாமல் கொக்கு மாதிரி எக்கி நின்றுகொண்டு விரலை வைத்தார்.

ர்ர்ர்ர்.

அழுத்தினார். இரண்டு கையாலும் பிடித்தார். ர்ர்ர்ர். தள்ளாடியதில் ஒரு செருப்பு கழன்று வெறுங்கால் தரையில் பட்டது. அமைதி.

"சக்தி கையில இல்லை போலிருக்கே," என்றாள் மச்சினி. "உள்ளங்கால்ல இருக்கு. என் காலும் கால்தானே, பார்த்துடலாம்." டப்பாவைத் தன் பக்கம் இழுத்து விளிம்பைத் தொட்டாள். அமைதி.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தது. அவள் செருமிக்கொண்டாள்.

"ஒண்ணும் இறங்கலை. இறங்கியிருந்தா நான் நல்லாப் பாடணுமே. அத்தானைக் கேளுங்க, அந்தக் கொடுமையை அவர் கேட்டிருக்கார்."

அவ்வளவுதான். நான் தொடறேன், நீ தொடு என்று அமளிதுமளி. மின்விசிறிக்காரர் தொட்டார், அமைதி. மிக்ஸி அம்மாள் தொட்டார், அமைதி. தெருவே திட்டித் தீர்க்கும் வீட்டுக்காரரும் தொட்டார், அதற்கும் அமைதி.

"இவர் தொட்டே அடங்குதுன்னா, இதுல புனிதம் ஒண்ணும் கிடையாது," என்றார் அவர் வீட்டில் குடியிருப்பவர்.

மச்சினி ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை டப்பாவின் விளிம்பிலும் மறு முனையைக் குழாயிலும் சுற்றினாள். யாரும் தொடாமலே இரைச்சல் நின்றது.

"சுவத்துல ஓடற கரன்ட்டோட இரைச்சலை இந்தத் தகரம் வாங்கி உள்ளே தள்ளுது. தரையோட சேர்த்துவிட்டா அங்கே போயிடும். ஆம்ப்ளிஃபயர் வயர் சொருகற இடத்துலயே, அந்த வயர் வழியா தகரம் தரையோட சேர்ந்திருக்கணும். அத்தான் அழகுக்கு அடிச்ச மூணு கோட் பெயின்ட் நடுவுல நிக்குது. வெறுங்காலோட தொட்டா ஆள் வழியா இறங்கிடும். சாமிக்கு அது தெரியும். அதான் பெயின்ட் உரிஞ்ச விளிம்பாப் பார்த்து விரல் வச்சார்."

வயரைக் கழற்றினாள். ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, வயர் சொருகும் துளையைச் சுற்றிக் கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி, நட்டை இறுக்கினாள். மறுபடி போட்டாள். இரைச்சல் இல்லை. கிடார்க்காரர் ஒரு தந்தியை மீட்டினார். கரகரப்பாக, கம்பீரமாக, வண்டின் வாடையே இல்லாமல் மாடி அதிர்ந்தது. அவர் சிரித்தார், சிரிப்பை நிறுத்த முடியாமல் இன்னொரு முறை மீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு," என்றார் டிரம்ஸ் அண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அப்ப போன மாசம் நான் மௌனத்துக்கு விட்ட கிரைண்டர்?" என்றார் மிக்ஸி அம்மாள்.

கூட்டம் உள்ளறையைத் திறந்தது. ரேடியோக்கள், மின்விசிறிகள், இரண்டு வயலின், ஒரு கிரைண்டர். துடைத்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. கிரைண்டருக்கு ஆறு மாத உத்தரவாதம் வேறு. திரும்பிப் பார்த்தால் அடிகளைக் காணோம். பின்படிக்கட்டில் ஒற்றைச் செருப்பின் சத்தம் மட்டும் கேட்டது.

"யோவ், பேத்தி செருப்பு," என்று அம்மாள் பின்னாலேயே ஓடினார்.

ஆரவாரம் அடங்கியபோது, மின்விசிறிக்காரர் மட்டும் மூலையில் குழாயின் முன்னால் கண்ணை மூடி, கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அங்கே என்ன பண்றீங்க?"

"சாமியார் போனா போறார்மா. இந்தக் குழாய்க்கும் சக்தி இருக்குன்னு நீதானே காட்டினே? பொண்ணுக்கு இந்த வருஷமாவது கல்யாணம் ஆகுமான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

மச்சினி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அதை அள்ளி அவர் முகத்தில் ஒரு தெளிப்புத் தெளித்தாள்.

சாமியாரை விரட்ட ஒரு ஜோடி செருப்பு போதும். இவரை என்ன செய்வது? ஐயா, கூப்பியே இருக்கிற கையால் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. கொஞ்சம் பிரியுங்கள்.