பூஜ்யம் சொன்ன சாம்பிள் அண்ணன்

எடப்பாடி வட்டாரத்தை வைத்து எழுதப்பட்ட டாக்டர் பட்ட ஆய்வுகளில் பாதியைக் கெடுத்தவர் ஒரே ஆள். மீதியை எங்கள் பேராசிரியர்களே பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அவர் பெயர் சாம்பிள் அண்ணன். மண்ணோ ரத்தமோ, யார் கேட்டாலும் கொடுப்பார். கேட்டவர் முகம் மலர்ந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

மண் வளம் கெடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்தபோது நான் அவரிடம் சிக்கினேன். அவருடைய மரவள்ளிக் காடு உப்புப் பூத்துக் கிடந்தது. எனக்கென்றே கெட்டுப்போன மண். "வெயில்ல நீங்க எதுக்குங்க தம்பி? ஊட்டுக்குப் போயி மோர் குடிங்க" என்று என்னை அனுப்பிவிட்டு, பைகளை அவரே நிரப்பித் தந்தார். ஆய்வகத்தில் பார்த்தால் பொன்னான மண். "இது கெட்ட மண்ணுன்னா நல்ல மண்ணு எங்கய்யா இருக்கு?" என்று பேராசிரியர் குதித்தார். திரும்பிப் போய்க் கேட்டேன்.

"எருக்குழி ஓரத்துல அள்ளுனதுங்க. இத்தன தூரம் வந்தவருக்கு அந்தச் சவுட்டு மண்ணையா குடுத்து அனுப்பறது?"

அடுத்து, விவசாயிகளின் கவலையை ஹார்மோனில் அளக்க ஒரு குழு வந்தது. முதல் நாள் அவர் ரத்தத்தில் கவலையே இல்லை. ரத்தம் எடுத்த பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் மச்சானிடம் பழைய வரப்புத் தகராறைக் கிளப்பி, கைகலப்பு வரைக்கும் போய், மூச்சு வாங்க வந்து கையை நீட்டினார். "இப்ப எடுங்க அம்மிணி." அளவு எகிறியது. மச்சான் இன்னும் பேசுவதில்லை.

போன ஆடியில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் பெண் டாக்டர் ஒருவர், ஆபரேஷன் வலிக்குப் புது ஊசி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். மணிக்கொருதரம் வந்து, வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் கேட்பார். நான் போனபோது அண்ணன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுக, "பூஜ்யமுங்க" என்றார். டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

"நெசமாவே வலி இல்லையா அண்ணே?"

"உசுரு போகுதுங்க தம்பி. அம்மிணி சோறு தண்ணியில்லாம அலையுது, பாவம். வார்டுல எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறனுங்க."

எட்டுக் கட்டில், எட்டுப் பூஜ்யம். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது. "அண்ணே, இதை நம்பி நாளைக்கு எல்லாருக்கும் இந்த ஊசியைத்தான் போடுவாங்க. அவங்களும் இப்படித்தான் கம்பியைப் புடிச்சுட்டுக் கிடக்கணும்" என்றேன்.

டாக்டர் மறுபடி வந்ததும் அண்ணன், "மன்னிச்சுக்கோங்க அம்மிணி. ஒம்பதுங்க" என்றார். "அப்ப எனக்கு எட்டுங்க" என்றது பக்கத்துக் கட்டில். "பத்துக்கு மேல கெடையாதுங்களா?" என்றது மூலைக் கட்டில். டாக்டர் நோட்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, பழைய மருந்தை எடுத்துவர ஓடினார்.

வலி அடங்கியதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி ஆராய்ச்சியும் போச்சு. உங்குளுதையும் கெடுத்துப் போட்டனுங்களே."

பத்து நாள் கழித்து பஸ்ஸில் எனக்கு ஒரு பை வந்தது. உள்ளே உப்புப் பூத்த மண்ணும் ஒரு சீட்டும். "இதுதானுங்க என்ர காட்டு மண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க."

பட்டம் வாங்கி நாளாகிவிட்டது. இனி அந்த மண் எதற்கும் உதவாது. ஆனாலும் என் மேஜைமேல்தான் வைத்திருக்கிறேன். இத்தனை வெட்கப்பட்டு எனக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை.