அழுகைத் துரைசானியும் என் நேர்த்திக்கடனும்

அழுகைத் துரைசானி அழுதால் ரங்கூன் ஆறே ஒரு சாண் ஏறும். மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவளைப் போல் அழ இனி ஒருத்தி பிறந்துதான் வரவேண்டும்.

அவள் கிரேக்க தேசத்து நடிகை. பதினாறு வயதில் மேடை ஏறி, ராணி வேஷம் கட்டிக் கட்டியே பேர் வாங்கியவள். ஊமைப் படங்களிலும் நடித்தவள். ஊர் ஊராக நாடகம் போட்டுவிட்டு, திரும்பும் கப்பலுக்காக ரங்கூனில் லத்தாப் பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் மாடி அறை எடுத்திருந்தாள். இதெல்லாம் பிற்பாடு அவள் பெட்டியிலிருந்த போட்டோக்களைப் பார்த்து, என் துறைமுகத்து ஓட்டை இங்கிலீஷில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வந்த மறுநாள் காலையிலேயே மாடியில் ஓர் அலறல். மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் வேறு. எழவு என்றால் நம் பெண்கள் விசாரித்துக்கொண்டா நிற்பார்கள்? என் சம்சாரம் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள். பின்னாலே தெருவே ஓடியது. துரைசானியைக் கட்டிப்பிடித்து, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அவளும் சளைக்காமல் தன் பாஷையில் பிடித்தாள். அரைமணி கழித்துத்தான், மரக்கிடங்கில் கணக்கெழுதும் ரைட்டரின் சம்சாரம் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்:

“ஆமா, செத்தது யாருடி?”

ஒருவருமில்லை. ஒத்திகை பார்த்திருக்கிறாள்! துரைசானிக்கோ பரம சந்தோஷம். அவர்கள் ஊர் நாடகத்தில் ராணியோடு சேர்ந்து அழ ஒரு கூட்டம் உண்டாம். கூப்பிடாமலே வந்து அழுதது இங்கேதானாம்.

அந்த மாதம் எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. என் மகள் அம்மை கண்டு பிழைத்தாள். திருவிழாவன்று ஆத்தாள் சன்னிதியில் நாடகம் போடுவதாக வேண்டியிருந்தேன். தீபாராதனைக்கு முன் மங்களம் பாடி முடித்தால்தான் கடன் தீரும். மரக்கிடங்கு ரைட்டர் கதை எழுதினார். யானை மிதித்துச் சாகும் இளவரசனும் அவரே. தாய் ராணியாக நடிக்க இருந்தவருக்குத் திருவிழாவன்று காலையில் பார்த்தா தொண்டை கட்ட வேண்டும்!

“வேறே நாள் போட்டுக்கலாமே,” என்றார் ரைட்டர்.

“ஆத்தாகிட்ட நீரே போய்ச் சொல்லும்!” என்றேன்.

என் சம்சாரம்தான் மாடிக்கு ஓடினாள். துரைசானி கற்றிருந்த தமிழ் மொத்தமே மூன்று சொல். “நான் அம்மா! அழு!” என்று என் சம்சாரத்தின் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாலையில் இளவரசன் செத்து விழுந்தார். துரைசானி கிரேக்கத்திலேயே ஆரம்பித்தாள். எங்கள் பெண்களுக்கு அது போதாதா? பந்தலிலிருந்து எழுந்து மேடைக்கே வந்து பிணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பர்மாக்காரிகளைப் போலக் கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த தனக்காப் பட்டை சேறாக ஓடியது. பிள்ளைக்கு உயிர் கொடுக்க வரவேண்டிய ஆத்தாள் வேஷக்காரர், சூலத்தைப் பிடித்தபடி ஓரத்தில் நின்று தானும் அழுகிறார். குருக்கள் கற்பூரத்தட்டை எடுத்துவிட்டார். ஐயோ, என் கடன் போச்சே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, பிணம் தாங்கமாட்டாமல் எழுந்து உட்கார்ந்தது.

“நான் சாகலே தாயி! அழுகையை நிறுத்துங்க!”

துரைசானி சந்தோஷக் கூச்சல் போட்டு, ரைட்டரை வாரி அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் சுதாரித்தவள் ரைட்டர் சம்சாரம்தான்.

“என்ன முழிக்கிறீங்க? புள்ளை பிழைச்சா பெத்தவ கொஞ்சமாட்டாளா? மங்களத்தைப் பாடுங்கய்யா!” என்று அதட்டிவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள். “நீரு வீட்டுக்கு வாரும், பேசிக்கிறேன்.”

பாடி முடித்தோம். அப்புறம்தான் குருக்கள் கற்பூரம் ஏற்றினார்; என் கடன் தீர்ந்தது.

மறுவாரம் அவள் கப்பல் ஏறிப் போனாள். அவள் என்ன சாமி கும்பிடுவாளோ, எனக்குத் தெரியாது. எந்த ஊர் மேடையில் நின்றாலும் அந்தக் குரல் கம்மாமல் இருக்கட்டும் என்று, வருஷா வருஷம் என் மகளுக்கு உடைக்கிற தேங்காயோடு அவளுக்கும் ஒன்று உடைக்கிறேன்.