பத்து டிகிரித் தீர்மானம்

உலகத்தில் எத்தனையோ நாடுகள் எத்தனையோ கார்களைச் செய்து ஓட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு காருக்குச் சனநாயக முறைப்படி 'ரைமிங்' வைத்த பெருமை கரம்பொன் நோயாளர் நலன்புரிச் சங்கம் ஒன்றையே சாரும். அந்தப் பெருமைக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் மயில்வாகனம்.

ஆண்டு 1986, போர்க்காலம். சங்கத்தின் ஒரே சொத்து, நோயாளரை ஆசுப்பத்திரிக்கு ஏற்றும் பழைய ஏ-40 கார். அதில் சிலிண்டர்களுக்கு முறைவைத்துத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ரிபியூற்றர் தேய்ந்துபோயிற்று. ஜேர்மனியிலிருந்த ஊரவர் ஒருவர் 'இலத்திரனியல்' டிஸ்ரிபியூற்றர் ஒன்றையும் அதைச் சரிபார்க்க மினுங்குகிற லைற் ஒன்றையும் அனுப்பிவைத்தார். சாரதி சிவபாதம் அதைப் பூட்டி ஸ்ராட் பண்ணினார். கார் இருமியது, தும்மியது, பிறகு புகைக்குழாயால் வெடித்தது. கடற்படைதான் சுடுகிறது என்று பக்கத்து வீட்டார் கட்டிலுக்குக் கீழே புகுந்தார்கள்.

ஊர்காவற்றுறையில் வள்ளத்து என்ஜின் திருத்துகிற சவிரிமுத்து, பெட்டி கொழுவிய தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார்.

"ரைமிங், பொறி விழுகிற நேரம், பிசகிப்போச்சு, ஐயா. பத்து டிகிரி முன்னுக்கு வைக்கவேணும். பத்து நிமிச வேலை."

மயில்வாகனத்தின் முதுகு நிமிர்ந்தது. முப்பத்தொரு வருடம் ரயில்களுக்கு நேரம் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் ஒருவரும் மணிகூடக் கேட்டதில்லை. இன்று ஒரு காரே கேட்கிறது!

"நேர விசயத்தைத் தனி ஆளிட்டை விடேலாது," என்றார். "பொதுக்கூட்டம் கூட்டுவம்."

அடுத்த நாள் காலை, காரைச் சுற்றிக் கதிரைகள் போட்டுக் கூட்டம் தொடங்கியது. சவிரிமுத்து நட்டுக் கழற்றும் சாவியோடு காத்துநின்றார். செயலாளர் பரமலிங்கம், பி.ஏ., எழுந்தார்.

"பத்து டிகிரிக்கு எங்கை போறது? கரம்பொன் முழுக்கத் தேடினாலும் டிகிரிக்காரர் நாலு பேர்தானே?"

"இது வேறை டிகிரி, ஐயா. என்ஜின் முன்சில்லு சுத்திற பாகை," என்றார் சவிரிமுத்து.

"அது பி.ஏ.யை விடப் பெரிசோ?"

வினாவை ஆராய உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது.

பொருளாளர் அம்பலவாணர் கையை உயர்த்தினார். "அக்கரைக் காரைநகர்ச் சங்கத்துக் காருக்கு எத்தினை வைச்சிருக்கினம்?"

"அதுக்கும் பத்துத்தான்."

"அப்ப எங்களுக்குப் பன்னிரண்டு!" பலத்த கைதட்டல்.

"பன்னிரண்டு வைச்சால் என்ஜின் இடிக்கும், ஐயா."

"இடிக்கட்டும். காரைநகருக்குக் கேக்கட்டும்!"

அந்த நேரம் பார்த்து, அடுத்த ஒழுங்கையிலிருந்து தம்பிராசா சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தான். "மனிசி கமலாதேவிக்குப் பிள்ளைப்பெறு நோ தொடங்கிட்டுது! கார் வேணும்!"

சவிரிமுத்து டிஸ்ரிபியூற்றரில் கையை வைத்தார்.

"தொடாதையும்! தீர்மானம் இன்னும் நிறைவேறேல்லை," என்றார் மயில்வாகனம். ஆனாலும் தம்பிராசாவின் முகத்தைப் பார்க்க அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. பேச்சாளருக்குத் தலா பத்து நிமிடம் என்றிருந்ததை ஐந்து நிமிடமாகக் குறைத்தார்.

சவிரிமுத்து கையைத் துடைத்தார். லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் சாக்குகளை விரித்தார். "வாடாப்பா, மனிசியை இதிலை ஏத்துவம்," என்று தம்பிராசாவையும் கூட்டிக்கொண்டு போனார். இது 'வெளிநடப்பு' எனக் கூட்டறிக்கையில் பதியப்பட்டது.

முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சமரசம் பிறந்தது: பத்து டிகிரி, ஆனால் 'காரைநகரைப் பின்பற்றியல்ல'. எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிவபாதம் என்ஜினை ஒருமாதிரி ஓடவைத்து, வெயில் மறைக்க மேலே படங்கு கட்டி, லைற்றைப் பிடித்தார். அந்த மினுங்கலில் சுழலுகிற சில்லு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அதிலுள்ள கோட்டை அப்போதுதான் பார்க்கலாம். மயில்வாகனம் குனிந்து பார்த்தார்.

"என்ஜின் நிண்டுபோச்சு!"

"ஓடுது, ஐயா! சத்தம் கேக்கேல்லையோ?"

"சத்தத்தை நம்பேலாது. நான் கண்ணாலை பாக்கிறன், காணும்!"

நிரூபிப்பதற்காகக் குடையை உள்ளே, நின்றதுபோலத் தெரிந்த விசிறிக்குள், நீட்டினார். குடைச்சீலை படங்குக்கு வெளியே பறந்தது. கம்பிகள் ரேடியேற்றருக்குள் ஏறின. சுடுதண்ணீர் சீறியது. என்ஜின் இப்போது உண்மையிலேயே நின்றது. தலைவரின் கூற்று சரியே என்று பதியப்பட்டது.

கமலாதேவிக்கு ஆசுப்பத்திரி வாசலில், லான்ட்மாஸ்ரர்ப் பெட்டிக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மயில்வாகனம் சங்கத்தின் வாழ்த்துத் தீர்மானத்தோடு கட்டிலடிக்குப் போனார்.

"கார் விசயம் என்ன மாதிரி, ஐயா?" என்று கேட்டாள் கமலாதேவி.

"ஏகமனதாய் நிறைவேறிப்போச்சு, பிள்ளை! பதினேழு பேர் கைதூக்கினவை."

கமலாதேவி குழந்தையின் கழுத்தடியில் துணியைச் சரிசெய்தாள்.

"இஞ்சை வர ரண்டு மைல்கட்டைதானே, ஐயா," என்றாள். "அந்தப் பதினேழு பேரும் தூக்கின கையைக் கீழை விட்டுக் காரைத் தள்ளியிருந்தால், நான் அதிலையே வந்து சேர்ந்திருப்பன்."