சம்மனசு முடித்த மாட்டு வியாபாரம்

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
1943, தபசுகாலம்

பிரியமுள்ள மச்சான் உபதேசியார் தர்மராஜ் அவர்களுக்கு, இராயப்பன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் கடலை மண்டியும் சுகம். உங்கள் தங்கை தனமும் சுகந்தான். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே.

நேற்றுச் சந்தையில் நான் மாடு வாங்கிவிட்டேன். உடையார்பாளையம் பஞ்சநாதனுடைய வெள்ளை ஜோடி. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரை இந்த மாட்டு ஆசையைத் தொடமாட்டேன் என்று, விபூதிப் புதனன்று உங்களையும் சுவாமியாரையும் சாட்சி வைத்து நேர்ந்துகொண்டேனே, அதே ஜோடிதான்.

நடந்ததைக் கேளுங்கள். இந்தச் சண்டைக்காலத்தில் கடலை ஏற்ற வேகன் கிடைப்பதில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கப் புறப்பட்டேன், வழியில் சந்தை. தபசுகால ஒருசந்தியில் பட்டினி கிடந்த வயிறு, உச்சி வெயில், சுண்ணாம்புக்கல் வண்டிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி. அந்தத் தூசிக்குள்ளிருந்து இரண்டும் கால் தரையில் பாவாமல் மிதந்து வந்தன. வலத்து மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது மச்சான். சோதனை வந்தால் கண்ணை மூடிச் செபம் செய் என்றது நீங்கள்தானே? புளியமரத்தடியில் நின்று மூடினேன். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: நான் வண்டியில் இருக்கிறேன், ஊரே மேகத்துக்குள் கிடக்கிறது, சக்கரம் சத்தமே போடவில்லை. பயந்துபோய்ச் செபமாலை சொல்லத் தொடங்கினேன். மாலை வீட்டில் இருந்ததால் விரலில் எண்ணினேன். பார்க்கிறவன் சிரிப்பானே என்று கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டேன். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான், விரலுக்கு நூறு என்று, மாட்டுக்கு விலை பேசுவார்கள் என்பது எனக்கா தெரியாது? அந்த நேரம் நினைவில் வரவில்லை.

துண்டுக்குள் இன்னொரு கை நுழைந்து என் விரல்களை மெதுவாகப் பிடித்தது. காவல் சம்மனசுதான் மோட்சத்திலிருந்து துணைக்கு இறங்கி வந்துவிட்டது என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது நாலு விரலைப் பிடித்தது. செபத்தில் நான் இருந்ததோ மூன்றாவது மணி, அதன் மூன்று விரலைப் பிடித்துக்கொண்டு மூன்றிலேயே நின்றேன். அது இழுத்தது, நான் விசுவாசத்தை விடவில்லை.

"முடிஞ்சிபோச்சுங்க மொதலாளி, கைய விடுங்க, வெரலு ஒடிஞ்சிரும்!" என்றது சம்மனசு.

கண்ணைத் திறந்தால், என் பிடியில் கையோடு நிற்கிறான் பாவாடை என்கிற மாட்டுத் தரகன். பக்கத்தில் பஞ்சநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கிட்டே நானூறுல நூறை எறக்கிப்புட்டாரு! தொறந்திருந்தா சும்மாவே ஓட்டிட்டுப் போயிருப்பாருய்யா!" என்கிறார். சந்தையே சிரிக்கிறது.

விரல் பிடித்து முடிந்த விலையை மாற்றினால் நாளைக்கு என் மண்டியில் எவனும் மூட்டை இறக்கமாட்டான். நேர்ச்சையை மீறினால் பாஸ்கு அன்று எந்த முகத்தோடு கோவிலுக்குள் வருவது? வீட்டில் சொன்னேன். "சம்மனசுக்குத் தரகு எவ்ளோ குடுத்தீங்க?" என்றாள் தனம். அதோடு பேச்சு நின்றது.

யோசித்துப் பார்த்துவிட்டேன். சந்தையில் பேர் கெட்டாலும் கெடட்டும், நேர்ச்சை பெரிது. மாடு இன்னும் பஞ்சநாதன் கொட்டகையில்தான் நிற்கிறது, கயிறு கைமாறவில்லை. நாளைக் காலையில் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உலக ஆசையை உங்கள் மைத்துனன் ஜெயித்துவிட்டான் என்று தனத்துக்கும் சுவாமியாருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் எல்லாரையும் தன் முக்காட்டு நிழலில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இராயப்பன்

பின்குறிப்பு: போய் வேண்டாம் என்றே சொன்னேன். "இப்ப வேணாமா, எப்பவுமே வேணாமா?" என்று பஞ்சநாதன் கேட்டார். தபசுகாலத்தில் பொய் சொல்லலாமா மச்சான்? பேசி முடித்தது: பாஸ்கு வரை மாடு அவர் கொட்டகையில், தீனி என் செலவு, திருநாள் பூசை முடிந்ததும் கயிறு மாற்றுவது, ஜோடி முந்நூறு ரூபாய், மூக்கணாங்கயிறு இனாம்.