ஒறிஜினல் அண்ணையின் காருக்கு இரண்டு பிறந்த வருடம்

மொன்றியலில் பொய் சொல்லிக் கெட்ட தமிழர்களை எண்ண விரல்கள் போதாது. உண்மை சொல்லிக் கெட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். துறைமுகத்தில் லொறி ஓட்டிய அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரால் யாரும் அழைத்ததில்லை. சனத்துக்கெல்லாம் அவர் ஒறிஜினல் அண்ணை.

மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில், அவர் வீட்டுக் கராஜில் எழுபதாம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. அதைப் பந்தயத்தில், ‘ஸ்டொக்’ வகுப்பில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது மனுசனின் பன்னிரண்டு வருடத் தவம். ஸ்டொக் என்றால் நம் கடைக்காரருக்கு றாக்கையில் கிடக்கும் அரிசி மூட்டை. கால் மைல் நேர்வீதியில் சோடியாகப் பறக்கிறவர்களுக்கோ, தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே இருக்கும் கார். எந்த ஆண்டுக் காரோ அந்த ஆண்டு எஞ்சின், அந்த ஆண்டுக் காபரேட்டர். ஒன்று பிசகினாலும் வகுப்புக்கு வெளியே. அந்த விதிப் புத்தகத்தை அண்ணை தேவாரம்போலப் பாடமாக்கி வைத்திருந்தார்.

மனிதரையும் அதே விதியால்தான் அளப்பார். ஒருமுறை தலைக்கு மை பூசிக்கொண்டு கலியாண வீடு ஒன்றுக்குப் போனேன். பந்தியில் எழும்பி நின்று கத்தினார்.

“எடேய், தலைக்குப் பெயின்ற் அடிச்சிட்டாய். இனி நீ ஸ்டொக்கில ஓடேலாது!”

முந்நூறு பேரும் சிரித்தார்கள். எனக்கு இன்றும் எரிகிறது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பக்தியோடு கார் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தார். அண்ணை துணியும் கையுமாகப் பாய்ந்தார்.

“ஃபக்டரியில பொட்டு வைக்கேல்லையப்பா!”

“அப்ப என்ர நெத்தியையும் துடைச்சு விடுங்கோவன்!”

அன்று அண்ணைக்குச் சோறு கிடைக்கவில்லை.

இந்த உண்மைப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. நம்மில் பலருக்குப் பாஸ்போட் வயது ஒன்று, உண்மை வயது ஒன்று. ஏஜென்ற் கொடுத்த கடவுச்சீட்டில் அண்ணைக்கு மூன்று வயது குறைவு. மற்றவர்கள் மறைத்தார்கள், தப்பினார்கள். இவரும் மறைத்தார், அகதி விசாரணையில் பிடிபட்டார். வழக்கு விழுந்து, எழும்பி, ஒன்பது வருடம் ஊரில் விட்டுவந்த அக்காவின் முகம் காணாமல் கிடந்தார். “ஒளிச்சாத்தான்ரா பிடிபடும். முதலே சொல்லிப்போடவேணும்” என்பது அதன்பிறகு அவர் வேதம்.

கடைசியில் ஒரு கோடைக் காலையில் காரைப் பந்தயத்துக்கு முந்திய பரிசோதனைக்குக் கொண்டுபோனார். அண்ணைக்குப் பிரெஞ்சு வராது. அகதி விசாரணைகளில் இருபது வருடம் மொழிபெயர்த்தவன் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். பரிசோதகர் எஞ்சின் இலக்கத்தை ரோர்ச் அடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பேனாவை எடுத்துக்கொண்டு, எந்த ஆண்டுக் கார் என்று கேட்டார்.

“எழுபது எண்டு சொல்லு. ஆனா அது பிறந்தது அறுபத்தொன்பது கார்த்திகையில. அதையும் சொல்லிப்போடு” என்றார் அண்ணை.

அதில் ஒரு பிழையும் இல்லை. ஆண்டு முடிகிற நேரம் செய்த காரை அடுத்த ஆண்டு மொடலாக விற்பது அங்கே வழக்கம். விதி பார்ப்பதும் மொடல் ஆண்டைத்தான். ஆனால் என் பாழாய்ப்போன நாக்கு, பழகிய தடத்தில் ஓடியது. “பத்திரத்தில் எழுபது. உண்மையான வயது அறுபத்தொன்பது” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன்.

பரிசோதகர் பேனாவை மூடினார். அறுபத்தொன்பது உடம்பில் எழுபது எஞ்சினா? பத்திரம் பொய்யா? நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. தயாரித்த கொம்பனியின் கடிதத்தோடு அடுத்த கோடைக்கு வரச் சொன்னார். இன்றைக்கு வேண்டுமானால் விதிகள் குறைந்த வேறு வகுப்பில் ஓடலாம் என்றார். அண்ணை மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்பும் வழியில் பாலத்தில் எல்லாரும் எங்களை முந்திப் போனார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீ என்ன செய்வாய்? எங்கட சனத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி உனக்கு வாயில வாறதே உதுதானே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடிதம் பங்குனியில் வந்தது. அதற்குள் சீனி வருத்தம் அண்ணையின் பார்வையைத் தின்றுவிட்டது, சாரதிப் பத்திரமும் பறிபோய்விட்டது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“எல்லாம் ஒறிஜினல் எண்டு எழுதியிருக்கோ?”

“ஓம் அண்ணை. எழுபதாம் ஆண்டுக் கார். எஞ்சினும் அதுக்குரியதுதானாம்.”

“பேந்தென்ன, நீ கொண்டுபோய் ஓட்டன்” என்று காரின் திறப்பை நீட்டினார். முகம் என் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம் இருந்தது.

நான் வாங்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று பீற்றித் திரிந்தவன் நான். அந்த ஒரு கோடைக் காலையில், அந்த மனுசனுக்காக, அறுபத்தொன்பது என்ற அந்த ஒரு வசனத்தை விழுங்கியிருக்கலாம்.