விமானக் கம்பெனிக்கும் கரிநாள் உண்டு

இனாம் என்று யாராவது சொன்னால் நான் எந்த வரிசையிலும் போய் நிற்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போது நடுநடுவே கோபம் வந்து விமானக் கம்பெனியைத் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் ஆகியும் அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்பது என் தொழில். கடை திருச்செங்கோட்டில், வீடு நாமக்கல்லில். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் ராஜஸ்தான், ஒடிசா என்று வடக்கே எங்கெங்கோ ஓடுகின்றன. அதனால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது நானும் விமானம் ஏற வேண்டியிருக்கும். அப்படி ஒரு பயணத்தில் ஒரு பணிப்பெண் படிவம் ஒன்றை நீட்டி, "இதுல சேர்ந்துக்கங்க சார். பறக்கப் பறக்க மைல் சேரும். நிறைய சேர்ந்ததும் வெளிநாட்டுக்கே இலவசமா போகலாம்" என்றார். (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஓசி விளம்பரம் எதற்கு?) அன்றைக்குப் பிடித்த சனி பதினோரு வருஷம் என்னை விடவில்லை.

மைல் சேர்ப்பதற்காக நான் அடித்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. ராய்ப்பூருக்கு நேராகப் போக வழி இருந்தும் டெல்லியைச் சுற்றிக்கொண்டு போனேன். சொந்தத்தில் யார் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், யார் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கினாலும் கூடவே போய் நின்று மைல் சேரும் என் கிரெடிட் கார்டைத் தேய்க்கச் சொன்னேன். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குப் பட்டெடுக்கப் போனவர்கள் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு மைலு" என்றே சொன்னார்கள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

இந்த நேரத்தில்தான் மெல்பர்னில் இருக்கும் எங்கள் மகள் சௌமியா முழுகாமல் இருப்பதாகச் சேதி வந்தது. தலைப்பிரசவம். ஊருக்கு வர அவளுக்கு முடியாத நிலை. என் மனைவி பூங்கொடி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புள்ள பொறக்கறதுக்கு முன்னால நான் அவகிட்ட இருக்கோணும். வேற எதுவும் எனக்கு வேண்டாங்க."

அந்த வாரமே சொந்தத்தில் ஒரு கிடா விருந்து. இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது பூங்கொடியின் தம்பி செந்தில் கேட்டான். "மாமா, அக்காளுக்கும் உங்களுக்கும் இப்பவே டிக்கெட் போட்டுறட்டுங்களா? நாள் நெருங்குனா கெடைக்காதுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் எலும்பை வைத்துக்கொண்டே பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன். "ஏ மாப்ள, பதினோரு வருசமா மைல் சேத்துனவன் நானு. உங்கொக்காள ஓசியிலயே கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறன் பாரு!"

நாலைந்து பேர் கைதட்டினார்கள். பூங்கொடி தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தேன். பிரசவத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் எந்தத் தேதியைத் தட்டினாலும் 'இருக்கை இல்லை' என்றது. சந்தேகப்பட்டு, காசு கொடுத்து வாங்குகிறவன் போல அதே தேதியைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று வாஞ்சையோடு விசாரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. சேவை மையத்துக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார்.

"சார், ஃபிளைட்ல சீட்டு இருக்கு. மைல்ல புக் பண்றவங்களுக்கு ஒதுக்குன சீட்டுதான் இல்ல."

"எத்தன சீட்டும்மா ஒதுக்கீருக்கறீங்க?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார்."

பாருங்கள், இதுதான் இவர்கள் யோக்கியதை! கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, பந்தியில் இடம் இருக்கிறது, ஆனால் பத்திரிகை வாங்கியவர்களுக்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? எங்கள் ஊரில் சொன்னால் பந்தல் நிற்காது. நான் விடவில்லை, தினமும் கூப்பிட்டேன். சில தேதிகளை அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்தது. பள்ளி விடுமுறை, பண்டிகை, அதற்கு முன்னும் பின்னும் பத்து நாள். அந்த நாட்களில் மைல் செல்லாது. அதற்கு 'பிளாக்அவுட் டேட்' என்று பெயராம்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பூங்கொடிக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. "ஏனுங்க, அவங்களுக்கும் கரிநாள் இருக்குதுங்களா?"

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர்கள் எப்போதாவது ஒரு தேதி கொடுப்பார்கள். பூங்கொடி சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். அஷ்டமி. மரணயோகம். இன்னொன்று எங்கள் கரிநாள். அவர்களுடைய நல்ல நாள் எங்களுக்கு ஆகாது, எங்களுடைய நல்ல நாள் அவர்களுக்கு ஆகாது. நடுவில் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தைக் கரைத்தேன். பிரசவத்துக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. செந்தில் தினம் ஒரு தடவை, "மாமா, டிக்கெட் ஆச்சுங்களா?" என்பான். "எல்லாம் முடிஞ்சுது மாப்ள" என்று வாய் கூசாமல் சொன்னேன். மகளிடமும் அதையே சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்த அதிசயம் நடந்தது. "பெங்களூர்லேர்ந்து செவ்வாய்க்கிழமை ரெண்டு சீட்டு ரிலீஸ் ஆகியிருக்கு சார். திங்கள் சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கறேன். அதுக்குள்ள பாஸ்போர்ட் நம்பர் ரெண்டையும் போன்ல சொல்லி உறுதி பண்ணிடுங்க." வழியில் இரண்டு நாட்டில் இறங்கி, ஒன்றில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நிலாவுக்குப் போய்விட்டு வந்தாலும் சரி என்றேன்.

பூங்கொடி காலண்டரைப் பார்த்தாள். "செவ்வாய்க்கெழம வடக்க சூலங்க. பெங்களூரு வடக்க."

"சூலத்துக்குப் பரிகாரம் பாலுன்னு அதுலயே போட்டிருக்குதே. ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போலாம்."

"ராசிபுரம் போறதுக்குப் பாலு போதும். கடல் தாண்டறதுக்கு ஒரு டம்ளர் பாலு பத்துமா?"

கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமான் கொஞ்சத்தைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. வைத்த சாமானைத் திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது; வந்தால் பயணம் முறிந்துபோகும்.

திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில், மேற்கே நாலு வீடு தள்ளியிருக்கும் கோழிப்பண்ணை தங்கவேல் அண்ணன் வீட்டில் ஒரு பையை வைத்துவிட்டு வந்தோம். சும்மா ஒரு துண்டு, ஒரு விரலி மஞ்சள் என்று வைத்தால் போதாதா? எனக்குப் போதவில்லை. பயணத்துக்கு எது முக்கியமோ அதையே வைத்தால் சூலம் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று பாஸ்போர்ட் இரண்டையும் உள்ளே வைத்தேன். (ஜெராக்ஸ் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதையும் அதே பைக்குள் வைத்தேன்.)

மதியம் சாப்பிட்டுவிட்டு, டிக்கெட்டை உறுதி செய்யலாம் என்று போனை எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தங்கவேல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. குடும்பத்தோடு மோகனூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மகளுக்கு ஒரு போன் போட்டால் அவளே நம்பரைச் சொல்லியிருப்பாள். விசா போட்டதே அவள்தான். ஆனால் டிக்கெட் இன்னும் ஆகவில்லை என்று தெரிந்துபோகுமே! மானம் பெரிதா, நம்பர் பெரிதா? ஐம்பத்தெட்டு வயது மனிதன் மானம்தான் பெரிது என்று அடுத்தவர் வீட்டுக் கேட்டில் தொங்கிக்கொண்டு நின்றேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கவேல் அண்ணன் கார் வந்தது. "ஏன் தம்பி, இப்புடி வேர்த்து விறுவிறுத்து நிக்கறீங்க?" என்று நிதானமாக இறங்கினார். நான் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்து பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெரு நடுவில் பூங்கொடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பைய நம்மூட்டுப் பக்கம் கொண்டாந்துராதீங்க! அங்கயே நின்னு பேசுங்க!"

அங்கேயே, அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து போன் போட்டேன். பாட்டு ஆரம்பித்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் நாலு தடவை பொய் சொன்னது. ஆள் வந்து பேசும்போது மணி ஐந்தைத் தாண்டி நாலு நிமிஷம்.

"சாரி சார். அஞ்சு மணிக்கு அந்த சீட்டு ரிலீஸ் ஆயிடுச்சு."

"அஞ்சுக்கு முன்னால இருந்து லைன்லதாம்மா இருக்கறன்!"

"நாங்க கால் எடுத்த நேரம்தான் சார் கணக்கு."

காத்திருக்க வைத்தது அவர்கள். காலம் தாழ்த்தியது நானாம்! நான் போட்ட சத்தத்தில் தங்கவேல் அண்ணன் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பூங்கொடி தம்பிக்குப் போன் செய்து ஒரே வரியில் சொன்னாள். "செந்திலு, எனக்கு டிக்கெட் போட்டுரு சாமி."

அரை மணி நேரத்தில் வியாழக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் ஆகிவிட்டது. வழியில் ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். வியாழக்கிழமை வடக்கே சூலமும் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "பதினோரு வருசத்த இவனுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டுக் காசுல வருவனா? நீ முன்னால போ. நான் மைல்லயே வாரேன்" என்று சொல்லி, என் டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் பூங்கொடி தங்கவேல் அண்ணன் வீட்டிலிருந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே காரில் ஏறினாள். பையைத் துழாவி என் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "இந்தாங்க. பத்தரமா வெச்சுக்கங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து, சேவை மையத்து வரிசையில் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தேன். உங்களுக்கு முன்னால் பதினான்கு பேர், ஒன்பது பேர் என்று குறைந்துகொண்டே வந்து, "உங்களுக்கு முன்னால் இரண்டு பேர்" என்று சொன்ன நேரத்தில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. மெல்பர்ன். மாப்பிள்ளையின் நம்பர். பிரசவத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, சும்மா விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதை எடுத்தால் இந்த வரிசை போய்விடுமோ என்று பயம். சிவப்பை அமுக்கினேன். மறுபடி வந்தது. அமுக்கினேன். மூன்றாவது தடவை பூங்கொடியின் நம்பர். அதையும் அமுக்கினேன்.

இரண்டு நிமிஷத்தில் தங்கவேல் அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "தம்பி! பேத்தி பொறந்துருக்குதாமா! உங்களுக்குக் கூப்புட்டா வெட்டி வெட்டி உடறீங்களாமா. அம்மிணி எனக்குக் கூப்புட்டுச் சொல்லுது!"

என் பேத்தி பிறந்த சேதியைக் கோழிப்பண்ணைக்காரர் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். சரியாக அந்த நொடியில் என் காதில் ஒரு குரல் வந்தது. "காத்திருந்ததற்கு நன்றி சார். என்ன உதவி வேணும்?"

"பேத்தி பொறந்துருக்குதுங்க" என்றேன்.

"வாழ்த்துகள் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மறுநாளே காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். கிழமை பார்க்கவில்லை, சூலம் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஐந்து நாள். பூங்கொடி அவளை என் மடியில் வைத்து, "இவருதான் கண்ணு உங்க தாத்தன். போனு போட்டா வெட்டிப்போடுவாரு, சாக்கரத" என்றாள். பிரசவ அறையில் மாப்பிள்ளை முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாராம். எடுத்திருந்தால் அவள் முதல் அழுகையை நான் கேட்டிருப்பேன். அந்த மைல்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போன மாதம்கூட, அவற்றுக்குப் பதிலாகக் கழுத்துத் தலையணை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள், பாவிகள்.

பேத்தி மகிழினிக்கு இப்போது நாலு வயது. ஞாயிறுதோறும் நான் வீடியோவில் கூப்பிடுவேன். முதல் தடவை சிவப்பை அமுக்கி வெட்டுவாள். இரண்டாவது தடவையும் வெட்டுவாள். மூன்றாவது தடவையும் வெட்டுவாள். பக்கத்தில் அவளுடைய அம்மா சிரிப்பது எனக்குத் தெரியும். நாலாவது தடவைதான் எடுப்பாள். எடுத்ததும், "எத்தன தாத்தா?" என்று கேட்பாள். "மூணு சாமி" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் முகத்தைக் காட்டுவாள்.