கழுகுக் கண் தணிகாசலம்

மணி ஒன்பதாகியும் கண் பரிசோதனை முகாமுக்கு ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்பது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மஞ்சள் சட்டை போட்ட பதினேழு தொண்டர்கள் மட்டும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமங்களான கூரத்திலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும்கூடத் தொண்டர்கள் வந்திருந்தார்கள். டாக்டரம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைமைத் தொண்டர் தணிகாசலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் ஒரு முகாமையும் தவறவிடாதவர் அவர். நானூறு நெசவாளிகளின் மூக்கில் கண்ணாடி ஏறியது அவரால்தான். அப்பேர்ப்பட்டவர் முகாமுக்கு இந்தக் கதியா?

"அண்ணா, நோட்டீஸ் குடுத்தாச்சுல்ல?" என்று கேட்டாள் சுகாசினி. சேவை அமைப்பின் சார்பில் முகாமை நடத்துகிற பெண்.

"என்னாம்மா இப்டி கேட்டுட்ட! இருநூறும் என் கையாலயே வீடு வீடா குடுத்தேன்."

"வாட்ஸ்ஆப்ல அனுப்புனது?"

"கட்டை விரல் போட்டேனே!"

"அப்ப சரி" என்று அவள் கவலையே இல்லாமல் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒரு சின்ன வீடியோ அண்ணா. சம்பளம் கிடையாது, ஞாயித்துக்கிழமையும் போவுது. உங்களை இந்தத் தொண்டுக்கு இழுத்தது எது?"

"சேவைம்மா! எங்க ரத்தத்துலயே ஊறுனது!"

ரத்தமாவது ஊறுவதாவது! ஆறு வருஷத்துக்கு முன்பே அவர் கண்ணில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிட்டது. ஆனால் நெசவுத் தெருவில் அவர் பெயர் 'கழுகுக் கண்'. நுணுக்கமான கரை வைத்த கல்யாணப் புடவை என்றால் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். கண்ணாடி போட்டால் பெயரும் போகும், கல்யாணப் புடவையும் போகும் என்று பயந்தார். தறியில் விரல் பழக்கம் கைகொடுத்தது. அறுந்த இழையை மனைவி தேவகி பார்த்துச் சொல்லிவிடுவாள்.

அந்தத் தேவகிதான் ஒரு நாள் அவரை முகாமுக்கு இழுத்து வந்தாள். வாசலிலேயே தணிகாசலம் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மஞ்சள் சட்டைக்காரனை மட்டும் யாரும் பரிசோதனை நாற்காலியில் உட்காரச் சொல்வதில்லை. அந்த நிமிஷமே ஒரு சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

போட்ட காரணம் திருட்டுத்தனம்தான். ஆனால், கண்ணாடி மாட்டிய ஒவ்வொருவரும் தங்கள் தறியைப் புதிதாகப் பார்த்தது போலச் சிரித்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனதே, அதில் துளியும் பொய்யில்லை.

சரி, ஆள் பிடிக்க வேண்டுமே. தெருவில் இறங்கினார். பூக்கடை பட்டம்மாள் மூக்குக் கண்ணாடியோடு கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டம்மாக்கா, வந்து பேருக்கு உக்காரு!"

"எனக்கெதுக்குபா? இன்னிக்கு விசேஷம் உனக்கு. நீ போய் உக்காரு, இந்தா வந்துடறேன்."

கிழவிக்குக் குசும்பு என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்பா."

கோபத்தில் ஒரு ஆட்டோவைப் பிடித்து மைக்கைக் கட்டினார். "வாங்க, வாங்க! கண் பரிசோதனை! வர்றவங்களுக்குச் சுண்டல் உண்டு!"

உடனே கூட்டம் வந்தது. வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வந்த வெளியூர்க்காரர்கள். தொண்டர்களுக்கென்று செய்த சுண்டலை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டு, "கோயிலுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தணிகாசலம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தொண்டர்களை மூலைக்கு அழைத்துக் கிசுகிசுத்தார். "மானம் போவுதுபா. எல்லாரும் நோயாளி மாதிரி வரிசையா உக்காருங்க. டாக்டரம்மா கண்டுபிடிக்கக் கூடாது."

முசரவாக்கத்துத் தாவீது ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதுக்குத்தானே அண்ணா வந்திருக்கோம்!"

ஒருவர்கூட மறுக்கவில்லை. சட்டென்று போய் உட்கார்ந்துவிட்டார்கள். 'தலைவன்னா இப்டி இருக்கணும்!' என்று தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

பதினேழு பேருக்கும் பரிசோதனை முடிந்தது. அதில் ஒன்பது பேருக்குக் கண்ணாடி எழுதப்பட்டது.

"தலைவர் மட்டும் பாக்கி" என்றார் டாக்டரம்மா. "வாங்க சார்."

"எனக்கெதுக்கும்மா? கழுகுக் கண்ணு!"

"அப்ப பயம் எதுக்கு?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். நல்லவேளை, சுவரில் தொங்கிய அட்டை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆறு வருஷமாக நானூறு பேர் வாசித்துக் கேட்டதாயிற்றே! டாக்டரம்மாவின் குச்சி மூன்றாம் வரியில் இருக்கும்போதே அவர் ஏழாம் வரியை முடித்துவிட்டார். தொண்டர்கள் கை தட்டினார்கள். சுகாசினி வீடியோ எடுத்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த நோட்டீஸை எடுத்து நீட்டினார். "தூரம் சரி. கிட்டத்துல இதைப் படிங்க."

தாளில் எறும்புகள் ஊர்ந்தன. ஆனால் தன் கையால் இருநூறு வீட்டுக்குக் கொடுத்த நோட்டீஸ்தானே! ஒவ்வொரு முகாமுக்கும் அதே வாசகம்தானே! தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

"இலவசக் கண் பரிசோதனை முகாம்! நெசவாளப் பெருமக்கள் அனைவரும் குடும்பத்தோடு வருக! வருக!"

தாவீது தரையைப் பார்த்தான். சுகாசினி மெல்லப் போனைக் கீழே இறக்கினாள்.

அப்போதுதான் கையில் பூமாலையோடு உள்ளே வந்த பட்டம்மாள், நோட்டீஸை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். பிறகு மாலையை அவர் கழுத்தில் போட்டாள்.

"நீ வாங்கிக் குடுத்த கண்ணாடியப் போட்டுக்கினு தெருவே இதப் படிச்சுட்டுதுபா, 'இந்த ஞாயிறு முகாம், நமக்காக உழைத்த தொண்டர்களுக்கு மட்டும்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது!"